மார்பளவுப் படம்

காதுகுத்துக்கு எது இல்லாவிட்டால் காரியமே நடக்காது, சொல்லுங்கள் பார்ப்போம்? கம்மல் என்பீர்கள், கம்மல் வரத் தாமதமானால் வேப்பங்குச்சியைச் சொருகிச் சமாளித்த வீடுகள் எத்தனையோ உண்டு. ஆசாரி என்பீர்கள், பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயில் குளத்தங்கரையில் ஆசாரிகளுக்கா பஞ்சம், இவர் இல்லாவிட்டால் அவர். பேராச்சியைக் கேட்டிருந்தால் அடுப்பை ஊதிக்கொண்டே சொல்லியிருப்பாள், மடி வேண்டும் என்று. தாய்மாமன் மடி. புது வேட்டி கட்டி, கிழக்கே பார்த்துப் பலகையில் சம்மணம் போட்டு, பிள்ளையை வாங்கி மடியில் வைத்து, தலையை அசையவிடாமல் பிடித்துக்கொள்ள ஓர் ஆள். பேராச்சிக்கு உடன்பிறந்தவன் ஒருத்தன்தான், அண்ணன் கொம்பையா. காலாட்படையில் சிப்பாய். கார்கில் சண்டையில் செத்துப்போனான். அவள் மகன் துரைக்கு இப்போதுதான் மொட்டை போட்டு முடிந்திருக்கிறது. சந்தனம் அப்பிய மண்டையோடு அவள் இடுப்பில் உட்கார்ந்து தன் காதைத் தானே பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறான், என்னவோ நடக்கப்போகிறது என்று தெரிந்த மாதிரி. ஆசாரி மேற்கே புளியமரத்தடிக் கூட்டத்தில் இருக்கிறார். அங்கே ஒரு பிள்ளை வீறிட்டு அலறுகிறது, இன்னொன்று காத்திருக்கிறது, அதுவும் முடிந்தால் அடுத்தது இங்கேதான். அதற்குள் மடி யாருடையது என்று முடிவாகவேண்டும். முடிவாகிவிட்டது என்று அவளுடைய அய்யா பலவேசம் நினைத்துக்கொண்டிருக்கிறார். முடிவாகிவிட்டது என்றுதான் அவளுடைய மாமியாரும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ரெண்டும் வேறு வேறு முடிவு.

அய்யா அண்ணனின் போட்டோவைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். பலகையில் போட்டோவைச் சாய்த்து வைத்து அதற்கு முன்னால் பிள்ளையை உட்கார வைத்துக் காது குத்தவேண்டும், தாய்மாமன் என்றால் என் மகன்தான், வேறு எவன் மடியிலும் என் பேரன் உட்காரமாட்டான் என்பது அவர் கட்சி. மாமியார் வந்து இறங்கியதும் ஆரம்பித்தாள், "அண்ணாச்சி, நல்ல நாளும் அதுவுமா பச்சப்பிள்ளையக் கொண்டுபோயி படத்துக்கிட்ட வைக்கேங்கிய. முறைக்கு ஆள் இல்லியா? உங்க அண்ணன் மகன் ராசையா கல்லுக்குண்டு மாதிரி நிக்கான்லா?" அய்யா குளத்தைப் பார்த்துக்கொண்டே, "குண்டுதான். கல்லா என்னன்னு தெரியல" என்றார். பேராச்சி சிரித்துவிட்டாள். சிரித்திருக்கக் கூடாது, மாமியார் பார்த்துவிட்டாள். அவளுக்கு எப்போதும் இப்படித்தான், வாய் முந்திக்கொள்ளும், எழவு வீட்டில்கூடச் சிரிப்பு வந்து முந்தானையைக் கடித்துக்கொள்வாள். ராசையா அந்தப் பக்கம் ஆட்டுத்தலையை வாட்டிக்கொண்டிருக்கிறான். புது வேட்டி தனக்குத்தான் என்று அவனுக்குத் தெரியும், உடம்பில் கரி படாமல் இருக்கக் கையைத் தூரமாக நீட்டி வாட்டுகிறான். பெரியப்பா மகன், மாமன் முறைதான், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முந்தின வருசம், அண்ணன் கருமாதிக்கு மறுநாள், டீக்கடையில் உட்கார்ந்து மதினியைப் பற்றி "ஒரு லீவுக்குப் பொண்டாட்டி" என்று சொன்னது இவன் வாய்தான். அந்த வாய் துரையின் மண்டைக்கு மேலே இருக்குமே, மூச்சு படுமே, சந்தனம் காய்ந்துவிட்டதா பார், காயவில்லை, உச்சியில் ஈரமாகத்தான் இருக்கிறது, பொங்கல் பொங்கப்போகிறது, விறகை இழுக்கவேண்டும். "மதினி, தீயக் கொஞ்சம் தணிங்க." சொல்லும் முன்னாலேயே செண்பகம் மதினி விறகை இழுத்துவிட்டிருந்தாள். அண்ணன் பெண்டாட்டி. பேராச்சியைவிட வயதில் சின்னவள், முறையில் மூத்தவள். காலையிலிருந்து அடுப்படியை விட்டு நகரவில்லை. தண்ணீர் சுமந்தாள், அரிசி களைந்தாள், வெங்காயம் உரித்தாள். மொட்டை போடும்போது எல்லோரும் சுற்றி நின்றார்கள், அவள் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு பானையைத் தேய்த்தாள், ஏற்கனவே தேய்த்த பானையை. யாரும் அவளை ஒதுங்கி நில் என்று சொல்லவில்லை. யாரும் சொல்ல வேண்டியிராதபடி அவளே முந்திக்கொள்கிறாள்.

மடி, மடி என்று மனசு அதையே போட்டு உருட்டுகிறது. அண்ணனின் மடி அவளுக்குத் தெரியும். அம்மா சின்னதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள், இதே கோயிலுக்கு லாரியில் வருவார்கள், ஊரே ஒரு லாரியில், உட்கார இடமிருக்காது, அண்ணன் மடியில்தான் அவள். அவனுக்கே பத்து வயதோ என்னமோ. ரெண்டு முட்டியும் துருத்திக்கொண்டு கொட்டாங்கச்சி மாதிரி இருக்கும், பள்ளத்தில் லாரி இறங்கும்போதெல்லாம் குத்தும், "அண்ணே, ஒன் முட்டி குத்துது", "குத்துனா எந்திச்சி நில்லுட்டி", நிற்கமாட்டாள், நின்றால் இடம் போய்விடும். அந்த முட்டி இன்னும் அவளுக்கு இடுப்புக்குக் கீழே எங்கேயோ ஞாபகமிருக்கிறது. முகந்தான் இல்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள், இல்லை, சிரிக்கமாட்டார்கள், அதுதான் பயம். கண்ணை மூடினால் அந்தப் போட்டோதான் வருகிறது. ட்ரெய்னிங் முடிந்ததும் எடுத்தது, தொப்பி, தொப்பியில் சின்னம், யாரோ திட்டின மாதிரி ஒரு முழிப்பு, ஸ்டுடியோக்காரன் புருவத்தை மை வைத்துக் கறுப்பாக்கியிருக்கிறான். அண்ணனுக்கு இடது புருவத்தில் ஒரு வெட்டு உண்டே, பனைமரத்துக் கருக்குமட்டை கிழித்தது, அது போட்டோவில் இல்லை. அந்த ஒரே படம் போஸ்டரில், பஸ் ஸ்டாப்பில், பள்ளிக்கூடத்தில், ஆகஸ்ட் பதினைந்துக்கு மாலை போட்டு நாற்காலியில். பார்த்துப் பார்த்து, அது உள்ளே இருந்த முகத்தையெல்லாம் தின்றுவிட்டது. தட்டைக் கையால் அணைத்துக்கொண்டு தின்பானே, லீவில் வந்தால், யாரோ பிடுங்கிவிடுவது போல, அப்போது முகம் எப்படி இருந்தது? தொப்பிதான் தெரிகிறது. தொப்பி போட்டுக்கொண்டா சாப்பிட்டான்? விடியுமுன்னே எழுந்து எல்லார் போர்வையையும் செங்கல் மாதிரி மடித்து அடுக்கிவிடுவான். அய்யா புரண்டு படுத்தால் போர்வை இருக்காது. "ஏல, இது வீடா, ஜெயிலா?" என்று அய்யா கத்துவார். அப்போது சிரித்தானே. பல்? பல்லைக் காணோம். போட்டோவில் வாய் மூடியிருக்கிறது.

அவள் கல்யாணத்துக்கு ரெண்டு ராத்திரி ரயிலில் நின்றுகொண்டே வந்தான், பச்சை டிரங்குப் பெட்டியோடு. மாப்பிள்ளை தளவாயின் தோளில் கையைப் போட்டு, "மச்சான், சீக்கிரம் ஒரு பயலப் பெத்துக் குடும். காதுகுத்துக்கு நான் வேட்டி கட்டமாட்டேன், மிலிட்டரி பேண்ட்டோடதான் உக்காருவேன், மூத்திரம் பேஞ்சாலும் வெளிய தெரியாது" என்றான். பந்தியே சிரித்தது. தளவாய்க்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தத் தளவாய் இப்போது மர நிழலில் வேனைக் கழுவுகிறான். காலையிலேயே சொல்லிவிட்டான், "ஒங்க அய்யாவுக்கும் எங்க அம்மைக்கும் நடுவுல நான் வந்தா என்னயத்தான் பொங்கலுக்கு வெட்டுவாங்க, நீயே பாத்துக்க." நானே பார்த்துக்கொள்கிறேன். உப்புப் போட்டோமா? போட்டோம். வாழையிலை நறுக்கவில்லை. மேற்கே அந்தப் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது, அடுத்தது ஆரம்பிக்கவில்லை, ஆசாரி வெற்றிலை போடுகிறார் போல. போடட்டும். நிதானமாகப் போடட்டும். அண்ணன் சாகும்போது துரை வயிற்றில்கூட இல்லை. அண்ணன் போன சேதி வந்தபோது அவள் புருசன் ஊரில் கருவாட்டை அலசிக்கொண்டிருந்தாள், கை நாற்றத்தோடுதான் பஸ் ஏறினாள், வழி நெடுக அந்த நாற்றம். பிறகு பெட்டி வந்தது. கொடி போர்த்தி, பெரிய அதிகாரிகள், ஊரில் பார்த்தே இராத கார்கள். துப்பாக்கி சுட்டபோது ஆலமரத்துக் காக்கா பூராவும் கிளம்பியது, அவள் காதைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள், அழுகிறாள் என்று நினைத்து யாரோ பெண்பிள்ளை முதுகைத் தடவினாள். அழவில்லை. பயந்தாள். பெட்டியைத் திறக்கவேண்டாம் என்று அதிகாரி அய்யாவிடம் மெதுவாகச் சொன்னார். அய்யா பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே நின்றார், அடுப்பு சுட்டுவிட்டதா என்று பார்ப்பதுபோல. திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. பிறகு ஒருநாள் தோன்றியது, தோன்றியதும் ஓடிப்போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவும்போதும் இருந்தது.

நாகர்கோயில் பக்கத்துச் சகாயம், அண்ணனோடு ஒரே டெண்டில் இருந்தவன், மழைக்காலத்தில் வந்தான் டிரங்குப் பெட்டியைக் கொடுக்க. "வலியே தெரிஞ்சிருக்காது தங்கச்சி" என்றான். எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள்போல, சொல்லச் சொல்லி அனுப்புவார்களோ. சாப்பிட்டுக் கைகழுவக் கிணற்றடிக்குப் போனான். மதினி தண்ணீர் இறைத்து ஊற்றினாள். பேராச்சி கொல்லைப்புறம் துணி எடுக்கப் போனவள் கொடிக்கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டாள். மதினியின் குரல், "கண்ணிவெடின்னு பேசிக்கிடுதாங்களே. காலு?" அவ்வளவுதான் கேட்டாள். காலு. சகாயம் வாளிக்கயிற்றை வாங்கி, தானே இறைத்து, நிறைந்திருந்த தொட்டியிலேயே ஊற்றினான், அது வழிந்து செம்பருத்திச் செடி மூட்டுக்கு ஓடியது. பேராச்சியும் மதினியும் இதுவரை அதைப் பேசியதே இல்லை, ஒரே அடுப்படியில் பேறுகாலம் முடிந்து நாலைந்து மாசம் இருந்தும். ராத்திரி பிள்ளை அழுதால் மதினி எழுந்து வாங்கிக்கொள்வாள், காலை நீட்டி, கால்மேல் போட்டு ஆட்டுவாள், ஆட்டிக்கொண்டே சுவரைப் பார்ப்பாள். அய்யாவுக்கு இந்தக் கிணற்றடிச் சேதி தெரியாது. தெரிந்தால் போட்டோவைக் கொண்டுவருவாரா? துண்டைப் பிரித்து இப்போது துடைக்கிறார், கண்ணாடியில் ஊதி ஊதி. வேண்டாம் அய்யா, பிரிக்காதீர்கள். படத்தில் மார்பு வரைக்குந்தான் இருக்கிறது. ரெண்டாவது பொத்தானோடு சட்டம் வந்துவிடுகிறது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை, மரம். அதற்குக் கீழே என்ன இருந்தது, எது மிச்சம், எதை வைத்துப் பெட்டியில், சீ, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்ன நினைப்பு இது, நல்ல நாளில். "என்னட்டி, ஏன் ஒரு மாதிரி இருக்க?" அய்யாதான். "புகை அய்யா, கண்ணக் கரிக்கி." புகை அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. அய்யா புகை போகிற பக்கத்தைப் பார்த்தார்.

பொங்கல் பொங்கிவிட்டது. குலவை போட்டார்கள். அவளும் போட்டாள், எல்லாரையும்விடச் சத்தமாக, துரை அவள் வாயையே பார்த்துவிட்டு நாக்கை ஆட்டிப் பார்த்தான், "பாரு, ஒன் மவன் குலவை போடுதான், பொம்பளப் பிள்ளையாப் பெறந்திருக்க வேண்டியவன்" என்று மாமியார் பேரனைக் கொஞ்சினாள். நல்ல மனுசிதான். வாய்தான் கத்தரி. ராசையா மடியில் உட்கார வைத்தால் என்ன குறைந்துவிடும், ஒரு நிமிசம், ரெண்டு குத்து, ஊர் வாய் அடைந்துபோகும், அய்யா ரெண்டு நாள் பேசமாட்டார், பிறகு பேசுவார். அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் பேராச்சிக்கு நேற்றுவரை இருந்தது. எதையும் அதிகம் போட்டு வளர்த்துகிற ஆள் இல்லை அவள், ஆகவேண்டியதைப் பார்க்கிறவள். ஆனால் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் அவன்தான் மாமன். நாளைக்கு இவன் கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுப்பவன் அவன். துரைக்கு மாமன் என்றால் ஆட்டுத்தலையும் ராசையாவுந்தான் ஞாபகம் வரும். போட்டோ முன்னால் வைத்தாலோ, மாமன் என்றால் கண்ணாடி. குளிர்ந்த கண்ணாடி. ஒருவேளை பெரியவனாகி அதே மாதிரி தொப்பி போட்டுக்கொள்ளவேண்டும் என்று தோன்றிவிட்டால்? அய்யா போனமாசம் இவன் கையில் கம்பைக் கொடுத்து "லெஃப்ட் ரைட்" என்றாரே, இவனும் தத்தித் தத்தி, எல்லாரும் கைதட்டினார்களே, அவள் சிரித்துக்கொண்டே கம்பைப் பிடுங்கி அடுப்பில் வைத்தாளே. துரையின் முட்டியைத் தடவிப் பார்க்கிறாள். கொழுகொழுவென்று, முட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

"கொழுந்து வெத்தல இருக்கா தாயி?" ஆசாரி வந்துவிட்டார். எப்போது வந்தார், அந்தப் பிள்ளை அழவே இல்லையே. சின்ன டப்பாவைத் திறந்து தங்கக் கம்பியை எடுத்துத் தொடையில் தேய்த்துக்கொண்டே, "சட்டுனு, சட்டுனு, இன்னும் அஞ்சாறு வீடு கெடக்கு. மாமன் யாரு? மடியக் கொண்டாங்க" என்றார். மடியைக் கொண்டுவா என்று, எங்கேயோ வைத்துவிட்டு மறந்த சாமானைக் கேட்பது மாதிரி. "ராசையா! ஏல ராசையா, கையக் கழுவிட்டு வாடா" என்று மாமியார் கூப்பிட்டாள். அதற்குள் அய்யா பலகையில் போட்டோவை வைத்துவிட்டார். பின்பக்கம் ஒரு தேங்காயை முட்டுக்கொடுத்து நிமிர்த்தினார். தாய்மாமனுக்கென்று எடுத்த புது வேட்டியை உறையிலிருந்து உருவினார். போட்டோவுக்குப் போர்த்துவார் என்று பேராச்சி நினைத்தாள். போர்த்தவில்லை. வேட்டியை நீளவாக்கில் மடித்து, போட்டோவின் அடியிலிருந்து முன்பக்கமாக, இந்தப் பக்கம் ஒரு மடிப்பு, அந்தப் பக்கம் ஒரு மடிப்பு, நடுவில் பிள்ளை உட்கார இடம் விட்டு விரித்தார். சம்மணம். ரெண்டு முட்டியும் வருகிற இடத்தில் துணியைக் கொஞ்சம் மேடாகச் சுருட்டிவிட்டார். பாத்தி கட்டுகிற மாதிரி அவ்வளவு கவனமாக. காற்று வந்தது. ஒரு முட்டி அமுங்கிப்போனது. அய்யா அதைத் திரும்பவும் சுருட்டி நிமிர்த்தினார். பேராச்சி அய்யாவின் முகத்தைப் பார்த்தாள், அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும், சகாயம் சொன்னானா, இல்லை அந்தப் பெட்டிமேல் கைவைத்து நின்றாரே அப்போதேவா, எல்லாருக்கும் தெரியும், ஆளாளுக்கு ஒளித்துக்கொண்டு ஒரே வீட்டில் சோறு தின்றிருக்கிறோம். "கொண்டா பிள்ளைய" என்று அய்யா கையை நீட்டினார். ராசையா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். ஆசாரி யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் கம்பியைப் பார்த்தார்.

அவள் அய்யாவிடமும் கொடுக்கவில்லை, ராசையாவிடமும் கொடுக்கவில்லை. அடுப்பைச் சுற்றிக்கொண்டு போனாள். மதினி அகப்பையோடு குனிந்திருந்தாள். "மதினி, கையக் கழுவுங்க. பிள்ளைய மடியில வச்சிப் பிடிக்கணும்." மதினி நிமிரவில்லை. "கிறுக்கா பேராச்சி ஒனக்கு. என்னயப் போயி. பேசாம போ." "பொறவு யார் மடியில வைக்கச் சொல்லுதிய? அந்தத் துணி மேலயா?" மதினி திரும்பிப் பலகையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அகப்பையிலிருந்து பொங்கல் சொட்டி அவள் காலில் விழுந்தது, சூடு, காலை இழுத்துக்கொள்ளவில்லை. மாமியார் அங்கிருந்தே, "ஏளா, என்ன காரியம் பண்ணுத? தாலியறுத்தவ மடியிலயா மொதக் காரியம்?" என்று சத்தம் போட்டாள். பேராச்சிக்கு வாய் முந்திக்கொண்டது, "அத்த, பேறுகாலத்துல இவுக கால்லதான் தூங்குனான், குளிச்சான், பீ பேண்டான். அதுக்கெல்லாம் ஆகும், ரெண்டு குத்துக்கு ஆகாதா? ஆசாரிக்கு நேரமாகுது. வையிறத வீட்டுக்குப் போயி வையிங்க, நான் எங்கயும் ஓடிற மாட்டேன்." ஆசாரிக்குச் சிரிப்பு வந்து வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். ராசையா ஏதோ சொல்ல வாயெடுத்தான். அய்யா அவனைப் பார்த்தார். வாயெடுத்தது அப்படியே நின்றது. பிறகு அய்யா குனிந்து, அவ்வளவு நேரம் பார்த்துப் பார்த்துச் சுருட்டிய வேட்டியை ஒரே உருவாக உருவி, உதறி, நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். போட்டோவை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு பலகையை விட்டு ஒதுங்கி நின்றார். பலகை காலியாகக் கிடந்தது. ஓர் எறும்பு அதன்மேல் ஏறிக் குறுக்கே போனது.

மதினி கையைக் கழுவினாள், முழங்கைவரை, ரொம்ப நேரம். வந்து பலகையில் உட்கார்ந்தாள். சேலையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுச் சம்மணம் போட்டாள். யாரையும் பார்க்கவில்லை. பேராச்சி பிள்ளையை இறக்கினாள். அவன் மதினியின் மடியைக் கண்டதும் காலை உதைத்துக்கொண்டு ஏறினான், ஏறிப் பழகின இடம். ஆனால் இத்தனை முகங்கள் சுற்றி நிற்பதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான், அம்மா எங்கே என்று தேடினான், கண்டான், ரெண்டு கையையும் தூக்கினான். பேராச்சியின் கை தானாக நீண்டது. ஆசாரி மஞ்சள் தொட்டுக் காதில் புள்ளி வைத்தார். மதினி ஒரு கையால் அவன் நெற்றியை அழுத்தித் தன் மார்போடு சேர்த்துக்கொண்டாள். இன்னொரு கை அவன் ரெண்டு முட்டியையும் சேர்த்துப் பிடித்தது. அப்போதுதான் நிமிர்ந்து, குரல் கொஞ்சமும் மாறாமல், அடுப்படியில் உப்புக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"பேராச்சி, நீ அந்தால ஒங்க அய்யாவுக்குப் பின்னால போயி நில்லு தாயி. ஒன்னயப் பாத்தான்னா என் மடியில இருக்கமாட்டான்."